டீசல் ஒழுக்கும் தீவகத்துத் தண்ணீரும்

ஒழுகு என்னும் வினையடியிலிருந்து தமிழில் இரு சொற்கள் பிறந்துள்ளன. ஒன்று ஒழுக்கு, மற்றொன்று ஒழுக்கம். முன்னது கூரையினின்றும் கலத்தினின்றும் வழுவிச் சொட்டுவது. பின்னது நெறியின் வழி நிற்பது. தனக்கமைந்த குழாயின் வழியே செல்லும் எண்ணெய் வண்டியை நடத்துகின்றது. அவ்வழி தவறிய எண்ணெய் வண்டியையும் கெடுத்து நிலத்தையும் கெடுக்கின்றது. பழைய டீசல் லொறியின் ஒழுக்கைக் கண்டறிந்து நீக்கும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். விளைவைக் கண்டு காரணத்தைத் தேடும் முறை எல்லாக் கலைக்கும் பொதுவானதன்றோ?

இப்பாடம் தீவகத்தார்க்குச் சிறப்பாக வேண்டற்பாலது. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அவ்வில்லையே நமது நன்னீர்க் கிணறுகளின் முதல். நிலத்திற் சிந்தும் எண்ணெயும் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கும். குடாநாட்டிலே சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாயிற்று; 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. அது பேரளவினது, லொறியின் ஒழுக்கோ சிற்றளவினது. ஆயினும் கல்லின் இயல்பு இரண்டிற்கும் ஒன்றே. 40 துளி ஒரு மில்லிலீற்றர் என வைத்துக் கணக்கிடுவோம். செக்கனுக்கு ஒரு துளி சொட்டினால், ஒரு நாளைக்கு 86,400 துளி. அஃதாவது 2 லீற்றருக்கு மேல். 2022 இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்றோர்க்கு இக்கணக்கின் மற்றொரு பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி எண்ணெய் செல்லும் வழியை அறிவோம். 1897 ஆம் ஆண்டில் ருடோல்ப் டீசல் என்பார் ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் இயக்கிக் காட்டிய இயந்திரத்தின் அடிப்படை இதுவே: காற்றை மிக நெருக்கினால் அது சூடேறும், அச்சூட்டில் எண்ணெய் தானே பற்றும். பழைய லொறிகளிலே தாங்கியிலிருந்து எண்ணெயை பீட் பம்ப் இழுக்கின்றது. அது பில்டரைக் கடந்து டீசல் பம்பை அடைகின்றது. டீசல் பம்ப் அதனை மிகுந்த அமுக்கத்துடன் உருக்குக் குழாய்கள் வழியே இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகின்றது. எஞ்சிய எண்ணெய் திரும்பு குழாயால் தாங்கியைச் சேர்கின்றது.

இவ்வழியை மனத்திற் கொண்டால், ஒழுக்கு மூவகைப்படுதல் விளங்கும். முதலாவது, புறவொழுக்கு. அமுக்கமுள்ள பகுதியில் எண்ணெய் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, காற்று புகுதல். தாங்கி தாழ்ந்திருக்கும் வண்டிகளில் பீட் பம்பிற்கு முந்திய குழாயில் இழுவிசை நிலவுகின்றது. அங்கே துளை விழுந்தால், வண்டி ஓடும்போது எண்ணெய் வெளிவராது, காற்றே உட்புகும். நிலம் உலர்ந்திருக்கும், ஆனால் இரவு நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுழற்றியபின்னரே இயங்கும், அல்லது இயங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடும். மூன்றாவது, அகவொழுக்கு. பீட் பம்பின் மென்றகடு கிழிந்தாலோ, டீசல் பம்பின் உட்சீல் தேய்ந்தாலோ, டீசல் எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். அளவுகோலில் ஒயில் மட்டம் குறையாது ஏறுவதும், டீசல் மணப்பதும் இதன் அடையாளங்கள். ஒயில் நீர்த்துவிடுவதால் பெயாரிங்குகள் தேயும், அவ்வண்டியை ஓட்டலாகாது.

புறவொழுக்கைக் காணும் முறை வருமாறு. கண்டவுடன் ஸ்பனரை எடுத்தல் கூடாது. துளி விழும் இடம் ஒழுக்கின் முடிவேயன்றித் தொடக்கமன்று. எண்ணெய் குழாயின் அடிப்புறமாக ஓடியும், காற்றினால் பின்னே தள்ளப்பட்டும் வேறோரிடத்திற் சொட்டும். ஆதலின், முதலில் எஞ்சினைக் கழுவி நன்கு உலர்த்துக. வகுப்பறைச் சுண்ணக்கட்டியைப் பொடியாக்கி இணைப்புகளின்மேல் தூவுக. எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி நிறுத்தி, ஈரம்பட்ட இடங்களுள் மிக மேலே உள்ளதைத் தேடுக. அதுவே பெரும்பாலும் காரணம். காற்று புகுதலை ஐயுற்றால், பீட் பம்பிற்கு முன்னே ஒளி ஊடுருவும் டீசற் குழாய்த் துண்டொன்றைப் பொருத்திக் குமிழிகள் ஓடுகின்றனவா எனப் பார்க்கலாம்.

காரணத்திற்கேற்பவே பரிகாரம் அமையும். இணைப்பிலுள்ள செம்பு வாசர் நசுங்கியிருந்தால் மாற்றுக. குறிகட்டுவானிலிருந்து படகேறி உதிரிப்பாகம் வரவேண்டிய நெடுந்தீவிலே, வடுப்படாத பழைய வாசரைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் அது மீண்டும் மெதுமையாகிப் பயன்படும். வெடித்த றப்பர்க் குழாயைப் புதிதாக இடுக. கடற்காற்றில் துருவேறிய உருக்குக் குழாயைத் தேய்த்துப் பார்த்து, அரிப்பு ஆழமாயின் மாற்றுக. உயரமுக்கக் குழாய் வெடித்தால் ஈயம் பற்றவைத்தல் பயன்தராது, புதுக்குழாயே வேண்டும். அதைத் தாங்கும் பிடிகளையும் இறுக்குக. பிடி தளர்ந்து குழாய் அதிர்வதாலேயே பல குழாய்கள் வெடிக்கின்றன. இறுக்கியும் நில்லாத ஒழுக்கை மேலும் மேலும் இறுக்கினால் மரை கெடும்.

பழுது நீங்கியபின் உள்ளிருக்கும் காற்றை அகற்றல் வேண்டும். பில்டரின் காற்றுத் திருகை நெகிழ்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை இயக்கி, குமிழியற்ற எண்ணெய் வரும்போது இறுக்குக. பின்னர் டீசல் பம்பிலும் அவ்வாறே செய்க. வெளிவரும் எண்ணெயைப் பாத்திரத்தில் ஏந்துக. சிந்தியதை மரத்தூளால் ஒற்றி வாரி எடுத்து மூடிய கலத்தில் இடுக.

இரு எச்சரிக்கைகளை மாணாக்கர் மறத்தலாகாது. எஞ்சின் இயங்கும்போது உயரமுக்கக் குழாயின் ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிபோற் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மேலும், டீசல் பெற்றோல்போல் எளிதிற் பற்றாதாயினும், காய்ந்த புகைக்குழாயின்மேற் பட்டால் தீப்பிடிக்கும். இக்காலத்துக் கொமன் ரெயில் எஞ்சின்களின் அமுக்கம் பன்மடங்கு கூடியது. அவற்றைப் பயின்ற தொழிலாளரிடமே விடுக.

நயினாதீவுத் துறையில் நிற்கும் இயந்திரப் படகுக்கும் இப்பாடம் பொருந்தும். மேலே கண்ட துளியோடு அமையாது அதன் முதலைத் தேடுவோன், வண்டிக்காரனாயினும் வைத்தியனாயினும் ஆசிரியனாயினும், நற்பணியே செய்கின்றான். லொறி நின்ற இடத்திற் கருமை படர்ந்திருப்பின் அதன்மேல் மணலைக் கொட்டி மறைப்பது எளிது. அம்மணலின் கீழே கல் உண்டு. கல்லின் கீழே நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் உண்டு.