உளி தந்த கை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். இன்றும் உளியோசை ஓயாத ஊர் அது. 1957ஆம் ஆண்டு அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, அதற்குத் தலைமையேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அதுவரை சிற்பக்கலை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. மகன் வேறு தொழிலை நாடினால், தலைமுறைகள் சேர்த்த அறிவு தந்தையோடே மறையும். வைத்தியநாதரோ பிறர் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்.

முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு உருவத்தின் பிற உறுப்புகளை அளப்பது சிற்ப மரபு. இதனை நூலில் படித்தறியலாம். உளியை எவ்வளவு சாய்ப்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றை அருகிருந்து கைபிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். ஓர் அடி தவறினால் மூக்கு சிதையும்; சிதைந்த கல் மீண்டும் வளராது. அப்பொழுதும் சினவாமல் அருகே நிற்பவரை நம்பித்தான் மாணவன் அடுத்த கல்லைத் தொடுகிறான்.

வைத்தியநாதரின் மகன் கணபதி ஸ்தபதி கணிதம் பயின்றவர். வேறு பணிக்குச் செல்லத் தடையேதும் இல்லை. எனினும் தந்தை கற்பித்த கலையையே வாழ்வாகக் கொண்டார். தந்தைக்குப் பின் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்று, பல்லாண்டுகள் மாணவர்களை உருவாக்கினார். தந்தைக்குரிய நன்றியை அவர் அவ்வாறே செலுத்தினார் எனலாம். குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் வடித்தது. அதைக் காண்போர் கணபதியாரின் பெயரை அறிவர். அவர் கையில் உளி தந்தவரை அறிந்தோர் சிலரே.

மாமல்லபுரத்துக் கல்லூரியில் இன்று, சிற்பியர் குடும்பத்தில் பிறவாத மாணவர்களும் கல்லின்முன் அமர்கின்றனர்.