ஆர்த்தத் தியானமும் ஆடுகளமும்

தியானம் நான்கனுள் முதலாவது ஆர்த்தத் தியானம். விரும்பியது நீங்கியபோது அதனையே இடையறாது எண்ணி நைதல் அதன் ஒரு வகை. இஷ்ட வியோகம் என்பர். இன்றைய விளையாட்டுத் துறையில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பலவுள.

1984இல் லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் எடுத்த நேரம் 55.41. நொடியில் நூற்றிலொரு பங்கு! இதனை எண்ணி எண்ணி ஒருவர் வாழ்நாள் முழுதும் வருந்தலாம். அவரோ 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார். பின்னாளில் பயிற்சிப் பள்ளியும் நிறுவினார். பிரதிக்கிரமணத்தால் கழிக்க வேண்டியது நாம் செய்த பிழையை. தோல்வி பிழையன்று. இவ்விரண்டையும் இளையோர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெருந்துன்பம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் பட்டது இதனினும் கொடிது. செங்கற்சூளைத் தொழிலாளர் மகளான அவர், 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கம் ஊர்ப்பேச்சாயிற்று. 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டுப் பிழைத்தார். 2012இல் மீண்டும் சூளையில் உழைத்தார். அதன்பின் பெங்களூரில் பயிற்றுநர் கல்வி கற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்றுநரானார். பதக்கத்தைத் திருப்பித் தருமாறு கேட்பதையும் அவர் விட்டுவிடவில்லை. கடந்ததை ஏற்றல் என்பது அநீதியை நீதியென ஒப்புதலன்று. நடந்தது நடந்தது என்றறிந்து இன்றைய கடமையைத் தொடங்குதலாம்.

வென்றவர்க்கும் இத்துயர் உண்டு என்பது வியப்பே. 2008இல் பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, அவ்வெற்றிக்குப் பின் தம்மைச் சூழ்ந்த வெறுமையை வெளிப்படையாகவே கூறியுள்ளார். குறிக்கோள் நிறைவேறிய மறுநாள் எதற்காக எழுவது?

நெய்வேலியில் வாழ்வோர்க்கு ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தம் மிக்க நீர் உள்ளது. இரவு பகலாக இறைத்து அவ்வழுத்தத்தைத் தணிக்காவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். நீர் இல்லையென்று பாவித்து எவரும் அங்கே வெட்டுவதில்லை. உள்ளத்தின் அடியிலுள்ள துயரும் அவ்வாறே. சொல்லச் சொல்லத்தான் தணியும்.

நகரியத்து மைதானங்களில் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளுள் சிலர் இதனையே தொழிலாகக் கொள்ளக்கூடும். தோற்று வந்த பிள்ளையிடம் முதலில் நேரத்தையும் இடத்தையும் கேட்கும் பெற்றோர் அன்றிரவு அதனைத் தவிர்க்கலாம். உண்ணவில்லை, உறங்கவில்லை, பேசவில்லை எனச் சில வாரம் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுக. கால் சுளுக்கினால் அன்றே மருத்துவமனைக்கு ஓடும் நாம், இதற்கு மட்டும் அண்டை வீட்டார் என்ன நினைப்பரோ என்று தயங்குகிறோம். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.