டில்லி வெயிலும் ‘டி’ வைட்டமினும்

வைட்டமின்களிற் பெரும்பாலானவற்றை உணவின் வழியாகவே பெறுகிறோம். ‘டி’ வைட்டமினோ வெயில் பட்டு நம் தோலிலேயே விளைவது. 1919-ல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் கிடத்தியே குணப்படுத்திக் காட்டினார்.

தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போது இச்சத்து பிறக்கிறது. பின்னர்க் கல்லீரலும் சிறுநீரகமும் அதனை மாற்றியமைக்கின்றன. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்கு ஏற்பதற்கு இது வேண்டும். இது மிகக் குறைந்தால் குழந்தைகட்குக் கால் வளையும். பெரியவர்கட்கு எலும்பு மென்மையுற்று வலிக்கும், தசை தளரும்.

இளவெயில் உடம்புக்கு நல்லது என்று ஊரில் பாட்டிமார் சொல்வார்கள். இதமானதுதான், ஆனால் மேற்சொன்ன கதிர் அதில் மிகக் குறைவு. சாய்ந்து வரும் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடக்கவேண்டியிருப்பதால், வழியிலேயே ஓசோன் அதனை விழுங்கிவிடுகிறது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே ஏற்றது. கணக்கிட்டுப் பார்த்தேன்: டிசம்பர் 22-ஆம் நாள் நண்பகலில் சென்னையில் நிழலின் நீளம் நம் உயரத்தில் முக்கால் பங்கு, டில்லியிலோ ஒன்றேகால் பங்கு! போதாக்குறைக்குப் புகைமூட்டம் வேறு. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் இச்சத்து குர்காவ் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. நம்மைப் போன்ற கறுத்த மேனிக்கு வெயில் கூடுதலான நேரம் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே அமர்ந்து காய்வது குளிருக்கு மட்டுமே உதவும்.

நாளொன்றுக்கு 600 யூனிட் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த அளவு. மேல் வரம்பு 4,000. மத்தி, கானாங்கெளுத்தி, முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றில் இச்சத்து உண்டு. மரக்கறி உண்போர் இது சேர்த்த பாலை வாங்கலாம்.

வெயிலால் இச்சத்து அளவு மீறுவதில்லை. மிகுதியை அதே ஒளி அழித்துவிடும். மருந்துக்கு அத்தகைய காவல் கிடையாது. கடைகளில் கிடைக்கும் சிறு பொட்டலம் ஒன்றில் 60,000 யூனிட் இருக்கிறது. எங்கள் விடுதியில் இளங்கலை பயிலும் தம்பி ஒருவர், வாரம் ஒன்றென்று மருத்துவர் எழுதித் தந்ததை நாள்தோறும் பாலில் கலந்து குடித்துவந்தார். மூன்று வாரத்தில் 12,60,000 யூனிட்! தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், ஓயாமல் சிறுநீர். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருந்தது. இச்சத்து கொழுப்பிற் கரைந்து உடம்பில் தங்குவதால், மருந்தை நிறுத்தியும் அவர் தேறப் பல வாரங்கள் ஆயின. சிறுநீரகம் பழுதாகாமல் தப்பியது பெரிது.

குறையில்லாதவர்க்கு மாத்திரையால் ஆதாயமும் அரிது. அமெரிக்காவில் பொதுவாக உடல்நலமுள்ள முதியோர் ஐந்தாண்டுக் காலம் நாளும் 2,000 யூனிட் உண்டும் எலும்பு முறிவு குறையவில்லை என்பது 2022-ல் வெளியாயிற்று. ஆகவே, எலும்பு வலியோ தளர்ச்சியோ நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே மருந்து கொள்ளுங்கள். சீட்டில் எழுதியிருப்பது நாளுக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா என்று மருத்துவரிடமே கேட்டுத் தமிழில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.