சொசேஜஸும் விட்டமின் சி குளிசையும்

மஹய்யாவ பகுதியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளைகளுக்குச் சொசேஜஸ் பொரித்துப் பாணோடு கட்டிக் கொடுக்கிறாராம். அதில் சேர்க்கும் மருந்து மரபணுவைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு, இரவில் ஆளுக்கொரு விட்டமின் சி குளிசையும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். அது போதுமா?

போதாது அம்மா. கொடுக்கும் நேரமே பிழை.

பக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். 250 என்ற இலக்கம் சோடியம் நைத்திரைற்றைக் குறிக்கும். கோழிச் சொசேஜஸ் என்றாலும் இது இருக்கலாம். இறைச்சியின் சிவப்பைக் காப்பதும், உயிரைப் பறிக்கும் பொட்டுலிசக் கிருமியை வளரவிடாமல் தடுப்பதும் இதுதான். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் வயிற்று அமிலத்திலும் சூடான தாச்சியிலும் இது இறைச்சியிலுள்ள அமைன்களோடு சேர்ந்து நைத்திரோசமைன்களாக மாறக்கூடும். அவற்றில் பல, ஈரலில் உருமாறி டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்கின்றன, கலம் பிரியும்போது அந்த இடத்தில் எழுத்துப் பிழை விழுகிறது. இந்த வகைப் பொருளொன்று எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதை மகீ, பார்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1956இலேயே காட்டினார்கள். 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணியென உறுதிப்படுத்தியது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும்.

விட்டமின் சி செய்வது, நைத்திரைற்று அமைன்களிடம் போகுமுன் அதை வேறொன்றாக மாற்றிவிடுவது. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருந்தால்தான் அது நடக்கும். தாச்சியிலேயே உருவானதை அது அழிக்காது. விழுந்துவிட்ட பிழையையும் திருத்தாது. எனவே சொசேஜஸ் கொடுக்கும் நாளில் கருகப் பொரிக்காமல், சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு கொய்யாப்பழத்தையும் வையுங்கள். காலையிலேயே வெட்டி வைத்தால் சத்துக் குறையும், முழுதாகவே போகட்டும். வீட்டில் சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பல் நல்லது.

குளிசையை நம்பி அதன் அளவைக் கூட்டிவிடாதீர்கள். சத்துக் குளிசையும் சிலவேளை கெடுதல் செய்யலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் வெளிவந்த முடிவில் அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

போத்தல் பானங்களிலும் கவனம் தேவை. சோடியம் பென்சோவேற்றும் (211) விட்டமின் சியும் ஒரே போத்தலில் இருந்து வெயில் பட்டால் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள்.

சொசேஜஸை எப்போதாவது ஒரு நாள் என்று குறைத்துவிடுங்கள். மற்ற நாட்களில் முட்டை போதும். முதல்நாள் இரவே அவித்துப் பிரிஜ்ஜில் வைத்தால் காலை அவசரத்திலும் கைகொடுக்கும்.