லித்தியம் சாப்பிடும் பெரியவர்: வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

இருமுனைக் கோளாறுக்காக 20, 30 வருடமாக லித்தியம் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. மாத்திரை அன்றும் இன்றும் அதே அளவுதான். சிறுநீரகம் அதே சிறுநீரகம் இல்லை. லித்தியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயது ஏற ஏற அந்த வேகம் குறைந்து, பழைய அளவே ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது.

படி 1: எல்லா மாத்திரையையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்

மனநல மருத்துவரிடம் லித்தியம் சீட்டை மட்டும் நீட்டாதீர்கள். பிரஷருக்குத் தரும் டெல்மிசார்டன், எனலாப்ரில், நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றக்கூடியவை. இவற்றில் இரண்டு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வரும். அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தெரிந்தால் டாக்டர் அளவைச் சரிசெய்வார்.

எனக்கு அதிகம் பயம் முட்டிவலி மாத்திரையில்தான். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கிவரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 2: ரத்தம் கொடுக்கும் நேரம்

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துதான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு லேபில் இருங்கள். காலை மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகு. முதியவர்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் சோதனைகளும் நடக்கின்றனவா என்று கேளுங்கள்.

படி 3: உப்பும் தண்ணீரும்

1949இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, சிலர் இறந்தே போனார்கள். ஏனென்றால், உப்பைக் குறைத்து உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரஷருக்காக உப்பைத் திடீரென நிறுத்துவது, தண்ணீர் குடிக்காத விரதம், சித்திரை வெயில், காய்ச்சல், எல்லாவற்றிலும் எச்சரிக்கை தேவை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே டாக்டரை அழைத்து, அடுத்த வேளை மாத்திரை கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

படி 4: 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்

டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு கைநடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு, பகலெல்லாம் தூக்கம், ஆள் அடையாளம் தடுமாறுவது. இவை புதிதாக வந்தால் முதுமை என்று ஒதுக்காமல் லித்தியத்தைச் சந்தேகியுங்கள். முதியவருக்கு ரிப்போர்ட்டில் அளவு சரியாக இருக்கும்போதே இவை வரலாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முடிந்தால் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு. ரத்தத்தில் மிகவும் ஏறிவிட்ட லித்தியத்தை டயாலிசிஸ் மூலம் வெளியேற்ற முடியும். உள்ளே போனதும் முதல் வேலையாக, "இவர் லித்தியம் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள்.