குளிரில் அடித்தளச் சுவர் எழுப்பும் தம்பிக்கு



டொராண்டோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நவம்பரிலேயே ஒரு வீட்டின் அடித்தளச் சுவர் உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது. சென்னையில் கான்கிரீட் போடுபவருக்கு ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்ற கவலை. டொராண்டோவில் கவலை வேறு.

சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிவதால்தான் கான்கிரீட்டுக்கு வலிமை வருகிறது. குளிரக் குளிர அந்த வினை மந்தமாகும். உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்துவிட்டாலோ சுமார் 9 விழுக்காடு பருக்கும்; பிஞ்சுக் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே விரிந்துபோகும். முதல் நாளே அப்படி உறைந்தது, பின்னால் எத்தனை வெயில் கண்டாலும் தேறாது. வலிமையில் பாதிகூடப் போய்விடலாம். சுமார் 3.5 மெகாபாஸ்கல் எட்டிவிட்டால் ஒருமுறை உறைவதைத் தாங்கும் என்பது அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் கணக்கு. கதகதப்பாகக் காத்தால் சாதாரணக் கலவை இரண்டு நாளில் அதை எட்டிவிடும். அந்த இரண்டு நாளில் கோட்டை விட்டால் பிறகு ஈடுகட்ட வழியில்லை.

கான்கிரீட் லாரி வருவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. உறைந்த மண்மீது கொட்டக் கூடாது. ஷட்டரிங்குக்குள் இறங்கிப் பார். கம்பியில் ஒட்டிய பனிக்கட்டியைச் சுரண்டி எடுக்கச் சொல். கொட்டி முடித்தபின், சுவரின் நடுப்பகுதி தன் வெப்பத்தைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். முதலில் குளிர்வது மேல்விளிம்பும் மூலைகளும்தான். குளிர் காக்கும் போர்வையை அங்கே இரட்டையாகப் போடு, வெப்பமானியையும் அங்கேயே செருகு. நடுவில் செருகி நல்ல எண்ணைக் காட்டுவது ஏமாற்று வேலை. சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். கம்பியுள்ள சுவரில் வேண்டாம், துருப்பிடிக்கும்.

உறைபனிக்கு மட்டும் பயந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. 1978 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்டில் ஒரு மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்டுவந்த குளிர்விப்புக் கோபுரம். முந்தைய நாள் போட்ட கான்கிரீட் வளையத்தில்தான் சாரத்தின் பளு தொங்கியது. ஏப்ரல் மாதக் குளிரே அந்தக் கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தியிருந்தது. வளையம் உரிந்து விழ, சாரத்தில் நின்ற 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். கான்கிரீட் போதிய வலிமை அடையவில்லை என்று அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் விசாரணை முடிவு சொன்னது.

அதனால்தான் அதே கலவையில் வார்க்கும் சோதனை சிலிண்டர்கள் விஷயத்தில் கறாராக இருக்கவேண்டும். ஆய்வகத்தின் சூட்டில் வளர்ந்த சிலிண்டர் கலவை தரமானதா என்று மட்டுமே சொல்லும். சுவரின் நிலையைச் சொல்லாது. சுவருக்குப் பக்கத்திலேயே, அதே போர்வைக்கடியில் இரண்டு மூன்று சிலிண்டர்களை வைத்துவிடு. ஷட்டரிங் பிரிப்பதை அவற்றின் முடிவைக் கொண்டே தீர்மானி.

சுவர் நின்றுவிட்டது என்றதும் அதன் வெளிப்பக்கம் மண் நிரப்ப இயந்திரம் வந்து நிற்கும். மேலே தரைத்தளம் பொருந்தாத சுவருக்கு உச்சியில் பிடிப்பு கிடையாது. மண்ணின் தள்ளலில் உள்பக்கம் வளைந்து விரிசல் விடும். நாள் தள்ளுகிறது என்று மேலாளர் முகம் சுளிப்பார். வெப்பநிலைக் குறிப்பையும் சிலிண்டர் முடிவையும் அவர் கையில் கொடு. அவை சரி என்று சொல்லும்வரை, தளமும் பொருந்தும்வரை, மண் தள்ள அனுமதிக்காதே.