அப்புத்தளைத் தோட்டப் பாதைகளில் பெடல் தெரிவு

மவுண்டன் பைக்குக்குப் பெடல் இரண்டு வகை. பிளாட் பெடல் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுரமான தட்டு. இரு முகத்திலும் சிறு இரும்புப் பின்கள் முளைத்திருக்கும். சப்பாத்தின் இறப்பர் அடி அந்தப் பின்களில் பதிந்து நிற்கும், வேறு பிடிப்பு கிடையாது. கிளிப்லெஸ் பெடலில் சப்பாத்தின் அடியில் முடுக்கிய கிளீட் என்ற உலோகத் துண்டு, பெடலின் ஸ்பிரிங் வாய்க்குள் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். 1984இல் பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பூட்டின் யோசனையை வீதிப் பந்தயச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் வென்றார். கரடுமுரடான பாதைக்கு ஏற்ற சிறிய கிளீட்டை சிமானோ 1990இல் எஸ்பிடி என்ற பெயரில் வெளியிட்டது. மலைப்பாதைகளில் இன்றும் அதிகம் காணப்படுவது அதுதான்.

பூட்டிய காலால் பெடலை மேலே இழுக்கலாம், அதனால் பலம் மிச்சமாகும் என்பது பரவலான நம்பிக்கை. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான வேகத்தில் மிதிக்கும்போது ஓட்டச் சப்பாத்தும் பிளாட் பெடலும், சைக்கிள் சப்பாத்தும் கிளிப்லெஸ் பெடலும் கேட்ட சக்தியில் வித்தியாசம் தெரியவில்லை. போட்டிக் களமும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. நீண்ட ஏற்றங்கள் கொண்ட கிராஸ்கன்ட்ரி பந்தயத்தில் ஏறக்குறைய எல்லாருமே கால் பூட்டித்தான் ஓடுகிறார்கள். அதே வேளை அவுஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 என்று மூன்று வருடம் தொடர்ந்து, இறக்கங்களில் மட்டும் நேரம் கணிக்கும் என்டியூரோ பந்தயத்தின் உலகத் தொடரை வென்றது பிளாட் பெடலில். ஆக, எது வேகம் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. அப்புத்தளைப் பக்கம் ஓடுபவர் கேட்க வேண்டியது, போகும் பாதையில் கால் எத்தனை தடவை நிலத்தில் ஊன்ற வேண்டிவரும், எந்தப் பக்கம் ஊன்ற வேண்டிவரும் என்பதைத்தான்.

அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கிறது. தெற்கே நிலம் சட்டென்று கீழே விழும். ஊரிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீற்றரில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை. அதற்கு மேல் இன்னும் ஏழு கிலோமீற்றர் தேயிலைக்குள் வளைந்து ஏறினால், 1,970 மீற்றர் அளவில் லிப்டன் சீட். இந்த ஏற்றத்தில் கிளிப்லெஸ் பெடலின் சுகம் தெரியும். இருக்கையை விட்டு எழும்பாமல், சிறிய கியரில், ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டு போகலாம். கால் எங்கே இருக்கிறது என்று நினைக்கத் தேவையில்லை. இறங்கும்போது உடைந்த தார், சல்லி, குழி என்று சைக்கிள் அதிர்ந்தாலும் பாதம் பெடலை விட்டுத் துள்ளாது. பிளாட் பெடலில் இதே இறக்கத்துக்குக் குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலைத் தளர்த்தி நிற்கப் பழக வேண்டும். பழகாதவரின் கால் முதல் குழியிலேயே பெடலை விட்டு எழும்பிவிடும்.

தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிய ஒற்றையடிப் பாதைகள், கல் பரப்பிய பழைய ரோடுகள், லயத்துக்கு இறங்கும் படிகள், ஐம்பது அடிக்கொரு கான் என்று ஓட்டம் துண்டு துண்டாகும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை இப்படிப்பட்ட தோட்டப் பாதைகளைத் தொடுத்து 2023இல் திறந்த பீக்கோ ட்ரெய்ல், 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அப்புத்தளையையும் தொட்டுப் போகிறது. அது முதலில் நடப்பவர்களுக்கான வழி. கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு எதிரே வரும் அக்காமாருக்குச் சைக்கிள்காரர் நின்று வழிவிடுவதுதான் முறை. மணியடித்து ஒதுக்குவது அழகல்ல. நிற்பதென்றால் கால் ஊன்ற வேண்டும்.

பாதை அகலம் மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தேயிலைச் செடியின் அடித்தூர் இடுப்பளவில் நிற்கும். மறுபக்கம் அடுத்த வரிசைச் செடியின் தலை, பாதை மட்டத்துக்கும் கீழே இருக்கும். வேகம் குறைந்து சைக்கிள் ஆடும்போது மேட்டுப் பக்கக் கால் இறங்கினால் நிலம் உடனே கிடைக்கும். பள்ளப் பக்கக் காலை நீட்டினால் கீழே காற்றுத்தான். ஆள் சைக்கிளோடு செடிக்குள் போவார். கிளிப்லெஸ் பழகியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு கால்தான் பழக்கம். சந்தியில் நிற்கும்போதெல்லாம் அதே காலைக் கழற்றிக் கழற்றி, அவசரத்திலும் அதுவே முந்திக்கொள்ளும். தம்பேதென்ன ரோட்டில் போகும்போது மலை பெரும்பாலும் இடப்புறம், திரும்பும்போது பள்ளம் இடப்புறம். ஆகவே ஒரு காலை மட்டும் பழக்கியவருக்குப் பயணத்தின் பாதி ஆபத்தானது. இரண்டு காலையும் சமமாகக் கழற்றப் பழகுவதும், கானையோ வளைவையோ எட்டுமுன்னரே மேட்டுப் பக்கக் காலை விடுவித்துக்கொள்வதும் இந்த மலைகளில் கட்டாயம். பிளாட் பெடல்காரருக்கு இந்தக் கணக்கு கிடையாது. எந்தக் கால் வசதியோ அது தானாக இறங்கும்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. ஒக்ரோபர் தொடங்கி ஜனவரி வரை அப்புத்தளை இருக்கும் ஊவாவில் மழை அதிகம். செம்மஞ்சள் களிமண் சப்பாத்தில் அப்பிக்கொண்டால் கிளீட்டைச் சுற்றியுள்ள குழி அடைந்துவிடும். பிறகு எத்தனை மிதி மிதித்தாலும் பூட்டாது. நின்று குச்சியால் நோண்ட வேண்டும். நிற்கும் புல்லில் அட்டை காத்திருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராங்க் பிரதர்ஸின் எக்பீட்டர் போன்ற திறந்த அமைப்புள்ள பெடலில் சேறு அவ்வளவாகத் தங்காது. ஆனால் அதன் பித்தளைக் கிளீட் கல்லில் நடந்தால் சீக்கிரம் தேயும். ஈரப் பாறையிலும் படியிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது எந்த உலோகக் கிளீட்டும் வழுக்கத்தான் செய்யும். பிளாட் பெடலிலும் சேற்றுக் கால் வழுக்கும், ஆனால் பின்கள் நன்றாக வெளியே நின்றால் ஓரளவு பிடிக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காலத்தில் சேறு இல்லை, காற்று இருக்கிறது. முகட்டுத் திறப்புகளில் அது பக்கவாட்டில் வந்து தள்ளும். அப்போதும் கால் தயாராக இருப்பது நல்லது.

விழும் விதத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பிளாட் பெடல் தரும் காயம் கெண்டைக்கால் முன் எலும்பில்: கால் நழுவியதும் சுழன்று வரும் பின்கள் தோலைக் கீறிவிடும். கெட்டியான நீளக் காலுறை அதில் பாதியைத் தடுக்கும். கிளிப்லெஸ் பெடலில் புதியவர் விழுவது வேகத்தில் அல்ல, நிற்கப் போகும் கணத்தில். கால் பூட்டியபடியே பக்கவாட்டில் சாய்வார். மைதானத்தில் அது சிரிப்புக்குரிய விழுகை. சரிவுப் பாதையில் அப்படியல்ல.

கிளிப்லெஸ் வாங்குபவர் முதலில் ஸ்பிரிங் இறுக்கத்தை ஆகக் குறைத்துவைக்க வேண்டும். எஸ்பிடி பெடல்களில் அதற்கென்று சிறு அலன் கீயால் திருப்பும் ஸ்குரூ இருக்கும். சிமானோவிலேயே பல திசைகளில் விடும் எஸ்எச்56 என்ற கிளீட் உண்டு. தொடக்கத்துக்கு அதுவே பொருத்தம். கிளீட்டைப் பாதத்தின் முன்பக்கம் வைக்காமல் சற்றுப் பின்தள்ளி முடுக்கினால் இறக்கத்தில் நிலை கிடைக்கும். கோணம் பிசகினால் முழங்கால் வலிக்கும், ஆகவே முதல் சில ஓட்டங்களுக்கு அலன் கீயைச் சட்டைப்பையில் வைத்திருப்பது புத்தி. கிளீட் ஸ்குரூக்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டு, இடையிடையே இறுக்கிப் பார்க்கவும். ஒரு ஸ்குரூ கழன்றால் குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் கிளீட் அங்கேயே சுழலும், கால் விடுபடாது. பழகுவதற்கு இடம் தோட்டத்து விளையாட்டு மைதானம்; ரோடு வேண்டாம்.

பிளாட் பெடலில் காசு போட வேண்டியது சப்பாத்தில். ஓட்டச் சப்பாத்தின் மென்மையான, மேடுபள்ளமான அடி பின்களில் சரியாகப் பதியாது, நீண்ட ஏற்றத்தில் பாதமும் வலிக்கும். தட்டையான, மென் இறப்பர் ஒட்டிய, சற்று விறைப்பான அடி வேண்டும். நைலோன் பெடல் மலிவு. பின்கள் இரும்பாக இருந்தால் போதும், அலுமினியம்தான் வேண்டும் என்று இல்லை. கல்லில் அடிபட்டு மழுங்கிய பின்களை மாற்ற முடியுமா என்று பார்த்து வாங்கவும். பெரியவர்களுக்கான மவுண்டன் பைக்குகளில் பெடல் மரை பெரும்பாலும் 9/16 அங்குலம்தான் என்பதால் இரண்டு வகையும் ஒரே கிராங்கில் ஏறும். இடப்பக்கப் பெடலுக்கு மட்டும் மரை எதிர்த்திசை. அதை மறந்து முறுக்கினால் கிராங்க் மரை நாசமாகும்.

லிப்டன் சீட் வரை தார் ரோட்டில் ஏறி இறங்குவதே வழக்கம் என்றால் கிளிப்லெஸ் தகும். லயங்களுக்கிடையே, கான் தாண்டி, மழையிலும் ஓடுபவருக்குப் பிளாட் பெடலும் நல்ல சப்பாத்தும் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் பிளாட் பெடலையே எடுக்கட்டும்: தேய்ந்த கிளீட்டுக்கு மாற்று ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது, பிளாட் பெடலுக்கு அந்தத் தேவையே இல்லை.